மூன்று திரையிலும் ஒரே படம்

லினக்ஸ் கணினியின் திரையில் மட்டும் கட்டில் காலியாக இருந்தது.

பக்கத்திலிருந்த விண்டோஸிலும் மேக்கிலும் பூர்ணிமாவின் மகன் அன்வித் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல், பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டுக் கேமரா எடுக்கும் படங்கள் வந்து விழும் ஃபோல்டர் ஒன்றுதான். அதற்குப் போகும் பாதையில் பெயர்களுக்கு நடுவே போடும் கோட்டை விண்டோஸ் பின்பக்கம் சாய்த்து எழுதும், மற்றவை முன்பக்கம் சாய்க்கும். எப்படி எழுதினாலும் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொண்டுபோய் நிறுத்தும்படி நிரல் எழுதுவதுதான் அவள் வேலை. சோதித்துப் பார்க்க ஊரார் வீட்டுப் படத்துக்கு எங்கே போவது என்று சொந்த வீட்டுப் படத்தையே போட்டுவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம்தான்.

மங்களூர் மழை மத்தியானத்தையே இருட்டாக்கியிருந்தது. ஆபீசில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் வழியும் சத்தமும், ஏசியிலிருந்து வந்த ஈரத்துணி வாடையும், யாரோ பாதி தின்று வைத்துப்போன கோளிபஜே போண்டாவின் ஆறிய எண்ணெய் மணமும் அறையை அடைத்திருக்க, அந்தக் காலிக் கட்டிலில் தலையணை நடுவே குழி விழுந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய படமாக இருக்கும். சரிபார்த்தாள். அதே நேரம், அதே அளவு. அதற்குள் புதுப் படம் வந்தது. இரண்டு திரையில் பிள்ளை புரண்டு படுத்திருந்தான். மூன்றாவதில் போர்வை மட்டும் விலகியிருந்தது.

கணவன் தீரஜுக்குப் போன் போட்டாள்.

"அன்வித் என்ன பண்றான்?"

"தூங்கறான். கஞ்சி குடிச்சான். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு கணினில அவன் தெரியல தீரஜ்."

"தெரியலன்னா சரி பண்ணு, என் மாராய்த்தி. அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க."

"வெச்சிடாதே. லைன்லயே இரு."

பயமாக இருந்தது. பயத்தில் கை தெரிந்த வேலையைத்தான் செய்யும். லினக்ஸுக்கென்று தனியாக எழுதியிருந்த நிரல் வரிகளை அழித்தாள். இனி மூன்றுக்கும் ஒரே பாதை. மற்ற இரண்டும் காட்டுவதை இதுவும் காட்டட்டும். ஓடவிட்டாள்.

பச்சை. பச்சை. பச்சை. சோதனை தேறியது, மூன்றும் ஒத்துப்போயின.

மூன்றிலும் கட்டில் காலி.

அழித்ததைத் திரும்பப் போட்டாள். மாறவில்லை. மறுபடியும். மாறவில்லை.

"தீரஜ். அவனைத் தொட்டுப் பாரு."

"பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். தலையைத் தடவிட்டிருக்கேன், போதுமா? காய்ச்சல் நல்லா இறங்கிடுச்சு. சில்லுனு இருக்கான்."

அவள் திரையைப் பார்த்தாள்.

புதுப் படம் விழுந்தது. கட்டில் ஓரத்தில் தீரஜ். காதில் போன். முகத்தில் சிரிப்பு. அவன் கை தலையணைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில்.

அடுத்த படம். கை கொஞ்சம் நகர்ந்திருந்தது. விரல்கள் வளைந்திருந்தன, ஒரு சின்னத் தலையின் அளவுக்கு.