வருந்தியும் பொறுத்தியும்

செவ்வாய்க் கிரகத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒருவர் காதை ஒருவர் பார்த்துச் சொல்வது வழக்கம். “இருட்டா?” என்று இவர் கேட்க, “இருட்டுதான், போ” என்பார் அவர். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கடுகளவு உறுத்துவிளக்கு எல்லோருக்கும் உண்டு. மனசு உறுத்தினால் மஞ்சளாக எரியும். உறுத்தலோடு வெளியே போகிறவன் காற்றுடையைச் சரியாகப் பூட்டமாட்டான், செத்துத் தொலைவான். அதனால் மஞ்சள் காதுக்கு வெளிக்கதவு திறக்காது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் எரிந்தால் வெளிவேலையே போச்சு. உள்ளே கழிவுத்தொட்டி வழிக்க வேண்டியதுதான்.

குழாய் வேலை பார்க்கும் அரியமுத்துவுக்கு இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து அறை பவுல்ராசு எட்டு மாசம் வளர்த்த கத்தரிச்செடி வாடிப்போயிருந்தது. குழாய் மூடிக் கிடந்ததாம். அதற்கு முந்தின நாள் அங்கே குழாய் மாற்றியவர்கள் அரியமுத்துவும், அவருடன் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயது மகன் நிலவனும். வேலை முடிந்து திறந்துவிட்டோமா இல்லையா என்று இருவருக்குமே நினைவில்லை.

நிலவனுக்கும் எரிந்ததுதான். ஆனால் அவனிடம் ‘வருந்தி’ இருந்தது. உள்ளங்கைத் திரையில் தப்பைச் சொன்னால் போதும். உருக்கமாக எழுதி அதுவே அனுப்பிவிடும்.

“பரவாயில்லைன்னு பதில் வந்துடுச்சு. எனக்கு அணைஞ்சிடுச்சு. நீயும் அனுப்பேன்ப்பா.”

“எனக்கு அதெல்லாம் வராதுடா.”

அரியமுத்துவுக்கு ‘மன்னிச்சிடு’ என்ற வார்த்தையும் வராது. தப்புப் பண்ணிவிட்டால் அவருக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான். சாயங்காலம் பட்டாணிச் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பவுல்ராசுவின் கதவைத் தட்டினார்.

“சாப்டியா?”

பவுல்ராசு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் மஞ்சள் வெளிச்சம்.

“உனக்கு எதுக்குய்யா எரியுது?”

“அண்ணே, குழாயை மூடினது நான்தான். வாளி ரொம்பினதும் மூடினேன், திறக்க மறந்துட்டேன். நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள உம்ம மகன் மன்னிப்பு அனுப்பி, என் ‘பொறுத்தி’ அதைப் படிச்சு, பரவாயில்லைன்னு பதிலும் போட்டுடுச்சு. ரெண்டு மிஷினும் பேசி முடிச்சிடுச்சுங்க. நான் எந்த மூஞ்சியோட வந்து சொல்லுவேன்?”

“அடப்பாவி! ரெண்டு நாளா நான் தூங்கலைய்யா!”

“நேத்து ராத்திரி நானும்தாண்ணே.”

அரியமுத்து சிரித்துவிட்டார். சிரிப்பு பவுல்ராசுவுக்கும் தொற்றியது. ஒரே தூக்கில் இருவரும் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். பட்டாணி தீர்வதற்குள் இரண்டு காதும் இருட்டிவிட்டன.

மறுநாள் காலை வெளிக்கதவருகே பவுல்ராசு நிலவனைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, குழாயை மூடினது நான்தான், உங்க மேல தப்பே இல்ல. ஆனா என்னமா எழுதியிருந்தே! ‘அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மறதி அதிகம், அவர் சார்பில் வருந்துகிறேன்.’ நேத்து ராத்திரிதான் முழுசாப் படிச்சேன்.”

பக்கத்தில் நின்ற அரியமுத்து மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது... நான் எழுதல மாமா, வருந்தி எழுதினது” என்றான் நிலவன். அதற்குள் அவன் காது பளிச்சென்று எரிந்தது. “மஞ்சள். தள்ளி நிற்கவும்” என்றது கதவு.

நிலவன் அவசரமாக உள்ளங்கையைத் தட்டினான்.

“என்னடா தட்டுற?”

“உனக்குத்தான்ப்பா. அனுப்புறேன், இரு.”

“பக்கத்துலதானேடா நிக்கிறேன். வாயைத் திறந்து சொல்லு.”

நிலவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்து மூடினான்.

“சரி, நல்லா யோசிச்சு வை. கிழவன் போய் உன் வேலையும் சேர்த்துப் பார்த்துட்டு வரேன்” என்று சிரித்தபடி அரியமுத்து கதவைத் தாண்டிப் போனார்.

நிலவன் சுவரோரமாக ஒதுங்கினான். அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் மஞ்சள் காதோடு குனிந்து உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்கு?” என்று கேட்டான் ஒருவன், நிமிராமல்.

“அப்பாவுக்கு. உனக்கு?”

அவன் தன் தோளை உரசிக்கொண்டு நின்ற மனைவியை முகவாயால் காட்டினான். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.