பதினோராம் அறையின் லைன்

சாயங்கால மழை பிடித்துக்கொண்ட நேரம். கீரமங்கலத்தின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர், போன் லைன்களைப் பார்ப்பவன் ரகுநாத். லைன்களைப் பிரித்துவிடும் சுவிட்ச் பெட்டிகள் இருந்த அறையில், பேச்சு ஓடினால் சிமிட்ட வேண்டிய பச்சை விளக்குகளில் ஒன்று மட்டும் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றது.

அது மாடிக்குப் போகும் ஃபைபர் கேபிளின் விளக்கு. அந்தக் கேபிளில் ஒரு கண்ணாடி இழையில் பேச்சு போகும், இன்னொன்றில் வரும். போகும் இழை செத்துவிட்டால், கீழே எதுவுமே இல்லை என்று மாடி சுவிட்ச் நம்பி, அடைத்து வைத்த மாற்று வழியைத் திறந்துவிடும். அப்புறம் ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லா போனையும் திணறடிக்கும். இதைத் தடுக்க சுவிட்சிலேயே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. சந்தேகம் வந்தாலே லைனை மூடிவிடும். சும்மா சும்மா மூடுகிறது, டாக்டர்கள் கத்துகிறார்கள் என்று அதை அணைத்து வைத்திருந்தான் ரகுநாத். பெரிய கெட்டிக்காரன்!

போன மாசம் லைன் அப்படித் திணறியபோதுதான், பதினோராம் அறையில் ஆவூர்ப் பாட்டி வியாகுலமேரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனை அழுத்தி அழுத்தியே செத்துப்போனார். “நர்ஸுதான் எடுக்கல சார்” என்று விசாரணையில் கூசாமல் சொன்னான் ரகுநாத். நர்ஸ் ஜாஸ்பினுக்கு வேலை போனது. காவலை இப்போது போட்டால் குட்டு வெளிப்படுமே என்று அப்படியே விட்டிருந்தான்.

இன்று வேறு அறை காலியில்லை. காய்ச்சலோடு அவன் மகள் ஹரிணி படுத்திருப்பது அதே பதினொன்றில்.

மின்விசிறி இரைச்சலுக்கும் ஓட்டில் விழும் மழைக்கும் நடுவே, அணைத்த மெழுகுவத்தியின் புகை வாசம் மூடிய கதவுக்கு அடியிலிருந்து மெல்ல ஏறிவந்தது. போன் அடித்தது.

“அப்பா, கேக்குதா? கட்டில்ல ஒரு பாட்டி உக்காந்திருக்காங்க. கையில ஜெபமாலை.”

“ஹரிணி! அப்பா வாரேன்டா!”

“பேசுப்பா... ஏன் பேச மாட்டேங்குற?”

ஓடினான். படிக்கட்டு. இருட்டு. எதிரே நர்ஸ் கார்த்திகா.

“சிஸ்டர், பிள்ளையப் பாருங்க!”

அவள் அவன் பக்கம் திரும்பாமலே கடந்து போனாள்.

ஹரிணி உயிரோடுதான் இருந்தாள். அப்பாடா! வாரி அணைத்தான். பிள்ளை அவன் ஊடாக வாசலைப் பார்த்து அழுதது.

“அக்கா, அப்பா ஏன் வரல?”

“வந்துருவாருடா” என்றாள் அழுகை கேட்டுத் திரும்பி வந்த கார்த்திகா.

“இங்கதான்டா இருக்கேன்!”

நடைபாதை போன்கள் எல்லாவற்றிலும் அவன் குரல். இங்கதான்டா இருக்கேன். மறுபடியும். மறுபடியும். அவன் காதுக்கு மட்டும். வரும் இழை இருந்தது; அவனிடமிருந்து போகும் இழைதான் செத்திருந்தது.

கட்டில் ஓரத்தில் வியாகுலமேரி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார்.

“எனக்குக் கேக்குது தம்பி” என்றார். “கத்துங்க.”