வெள்ளைக் கண் ஈக்கள்

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன் மோதியதில் செல்லியின் பை கவிழ்ந்தது. கண்ணாடிக் குப்பியின் பஞ்சு மூடி தெறித்து, உள்ளே இருந்த நாற்பது ஈக்களும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பறந்தன.

"ஐயோ... என் ஈ!"

"ஈக்காகவாங்க இப்பிடிப் பதறீங்க? என் மாம்பழக் கடையில வேணும்னா ஆயிரம் புடிச்சுக்குங்க!" சிரித்தான் மோதியவன், சென்றாயன். அவள் கண் கலங்கியதும் அவன் சிரிப்பு நின்றது.

"ரெண்டு மாச ஆராய்ச்சிங்க. பெங்களூர்ல பாத்துக்க ஆளில்லைன்னு ஊருக்குக் கூடவே கொண்டாந்தேன்..."

அவன் கடைக்கு ஓடி, கனிந்த பழம் ஒன்றைத் தட்டில் பிசைந்து வைத்தான். ஈக்கள் மொய்த்தன.

"உங்களுது எதுங்க?"

"கண்ணப் பாருங்க. ஊர் ஈக்குச் சிவப்பு, என்னுதுக்கு வெள்ளை."

அவளிடம் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தான். அவன் இமைகளில் மழைத்துளிகள்... செல்லி ஈக்களை மறந்து ஒரு கணம் அதையே பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் இருபத்தாறு கிடைத்தன.

"இதுல என்னங்க தேடறீங்க?"

"நாம மூச்சு விடற காத்தே உடம்புக்குள்ள புரதத்தக் கெடுக்குதுங்க. கெட்டதை ஒவ்வொரு செல்லும் உடைச்சுக் கழிச்சிடும். வயசாக ஆக அந்த வேலை சுணங்குது, அதனாலதான் மூப்போன்னு சந்தேகம். இந்த ஈங்க அதை எப்பிடித் தாங்குதுன்னு பாக்கறேன்."

குப்பியில் எழுதியிருந்த பெயரைப் படித்தான். "செல்லைப் படிக்கறதாலதான் செல்லியா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்களுக்கு என்ன வயசுங்க?"

அவள் சிரிப்பு அணைந்தது. பெண் பார்க்க வந்த ஐந்து வீட்டார் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்லாமல் தன் ஊருக்குப் போகும் கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறாவது வீட்டார் வந்தார்கள். "இருபத்தேழுன்னு சொல்லு," என்று அண்ணன் தர்மன் கெஞ்சினான். அவள் முப்பத்திரண்டு என்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஏனோ வலிக்கவில்லை. என் வேலையை ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தவனிடம் இதைச் சொல்ல ஏன் கூசினேன்... அதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை தர்மபுரியில் பெங்களூர் பஸ் அவளை விட்டுப் புறப்பட்டது. அவள் மாம்பழக் கடை முன்னால் நின்றாள்.

"முப்பத்திரண்டுங்க."

சென்றாயன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தான். "எனக்கு முப்பத்தாறு. அதைச் சொல்லிட்டுத்தான் கேட்டிருக்கணும்... நாலு நாளா கம்பைநல்லூர் பஸ் எது வந்தாலும் எட்டிப் பாக்கறேங்க. உங்கள ரொம்பப் புடிச்சுப்போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குந்தாங்க... ஆனா நான் வேலைய விட மாட்டேன்."

"விட வேண்டாங்க. மாம்பழம் பெங்களூர்லயும் விக்கும்."