பகலிலும் வந்தவை

கிட்ட வந்து இருங்கோ, கண்ணுகள். தேத்தண்ணியை ஆறமுதல் குடியுங்கோ, கம்பளியைக் காலுக்கு இழுத்துவிடுங்கோ. ஹம்பேர்க்கில் ஒரு வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கோ. அதற்குத்தானே ஒன்றாக இருந்து கதை கேட்கிறது.

புஷ்பாவின் அறைத் திரைச்சீலையில் நடு மத்தியானத்தில் ஒரு கரப்பான் பூச்சி இருந்தது. சின்னது. தேன் நிறம். கழுத்துக்குப் பின்னால் கரியால் இழுத்ததுபோல இரண்டு கோடு. புஷ்பா கையைத் தட்டினாள். அது ஓடவில்லை. இரண்டு மீசையையும் அவள் பக்கம் திருப்பி மெல்ல மெல்ல ஆட்டியது.

அவள் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். மெழுகுத் தட்டில் கரப்பானைக் குத்திவைத்து வெட்டியவள். இருட்டில் திரிகிற பிராணி பகலில் வெளியே வருகிறதென்றால், ஒளிந்திருக்க அதற்கு இனி இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"மச்சாள், அறையுக்க கரப்பத்தான்."

"இந்தப் பனியுக்கயோ? ஊர்க் கனவு கண்டிருப்பாய். சாப்பிடு, சோறு ஆறுது."

சிசிலி மச்சாள் என்பது அவள் புருஷன் றெஜினோல்ட்டின் தமக்கை. மேல்வீட்டில் இருந்தவள். ஊரில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்து மாரிக்குளிர் அது. புஷ்பாவின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் முழுவதையும் சிசிலியே பார்த்தாள். மஞ்சள் போட்ட சுடுதண்ணீரில் குளிக்க வார்த்தாள், சரக்குக்கறி காய்ச்சினாள். தலையைத் துவட்டி, குளிர் ஏறாமல் இரண்டு காதுக்கும் பஞ்சு வைத்தாள். விரலால் அழுத்தி, நன்றாக உள்ளே. பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று புஷ்பா இரண்டு தரம் அழுதாள்.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியுமட்டும் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டியாயிற்று. சுவரோரத்தில் அறையைச் சூடாக்குகிற ஹைசுங் முழுச் சூட்டில். காற்றுக் காயாமல் இருக்க அதன்மேல் ஒரு சட்டி தண்ணீர். சூடும் ஈரமும் சேர்ந்து, அறை மூடிவைத்த சோற்றுப்பானை மாதிரி வேர்த்தது. அந்தப் பூச்சி பசியைப் பொறுக்கும், தாகத்தைப் பொறுக்காது. முதுகும் வயிறும் ஒரே நேரத்தில் முட்டுகிற இடுக்கில்தான் அதற்கு நிம்மதி. அறைமூலையில் ஹைசுங் குழாய் கூரையைத் துளைத்து மேல்வீட்டுக்குப் போனது. குழாயைச் சுற்றி விரல் நுழையாத ஒரு வட்ட இடைவெளி.

மணமும் வரத் தொடங்கியது. பழைய எண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த, கொஞ்சம் இனிப்பான மணம். தங்கள் கழிவின் மணத்தாலேயே இனத்தைக் கூப்பிடுகிற பூச்சி அது. ஒன்று நின்ற இடத்துக்குப் பத்து வரும்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு மணக்கேல்லையே?"

"ஒண்டைக் கண்டிட்டு ஊரைக் கூட்டாதை," என்றான் றெஜினோல்ட். "ஜெர்மனியில கரப்பத்தானுக்கும் விசா வேணுமப்பா. பிள்ளைப்பெத்த உடம்பு, எல்லாம் பெரிசாத்தான் தெரியும்."

சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்தபடி அவன் படுக்கையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். பிள்ளை அழுதால் வேலைக்கு எழும்ப ஏலாதாம்.

அதன்பிறகு அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கப் பழகினாள். பஞ்சு வைத்த காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கைக்குக் கேட்டது. காகிதம் ஒட்டிய சுவருக்குப் பின்னால் ஏதோ இடம் மாறி இடம் மாறிப் படுத்தது. தொட்டிலின் கீழே ஒரு நாள் பருப்பு அளவில் ஒரு மண்ணிறப் பை கிடந்தது. தாய்ப்பூச்சி பொரிக்குமட்டும் பின்பக்கத்தில் சுமந்து திரிகிற முட்டைப்பை. ஒரு பைக்குள் முப்பது, நாற்பது குஞ்சு இருக்கும். விளிம்பு பிளந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"நூல்துண்டு அது," என்று சிசிலி அதை எடுத்து மடிக்குள் போட்டாள். மிகவும் கவனமாகப் போட்டாள்.

ஒரு பின்னேரம். ஹம்பேர்க்கின் மாரியில் பின்னேரமே இருட்டிவிடும். றெஜினோல்ட் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தான். பிள்ளை சிணுங்கியதுபோலத் தோன்ற, புஷ்பா ஒரு காதுப் பஞ்சை இழுத்தாள்.

பிள்ளை சிணுங்கவில்லை. சுவருக்குள் மழை தூறியது.

மற்றப் பஞ்சையும் இழுத்தாள். கூரையிலும் தூறல். குழாயைச் சுற்றிய இடைவெளியால், தூறலுக்கு நடுவில், குரல் இறங்கியது.

"இண்டைக்கும் மருந்தடிச்சனான். எல்லாம் கீழதான் இறங்குதுகள்." சிசிலி.

"பிள்ளை கிடக்குதக்கா."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? பூச்சிக்காரனைக் கூப்பிட்டா எல்லா வீட்டையும் திறந்து காட்டவேணும். என்ர சமையல் சாமான் எல்லாத்தையும் வீட்டுக்காரன் காண்பான். தமிழ்ச் சனத்தின்ர கலியாணத்துக்கெல்லாம் இஞ்சதான் சமைக்கிறதெண்டு தெரிஞ்சா எங்களை ரோட்டில விடுவான். அவள்தானே வெளிய வரமாட்டாள். சூடு இருக்கு, தண்ணி இருக்கு. அதுகளும் அங்கயே இருக்கட்டும்."

கோப்பையில் கரண்டி சுற்றுகிற சத்தம். பிறகும் சிசிலிதான்.

"நீ காதுக்குப் பஞ்சு வைச்சுத்தானே படுக்கிறாய்?"

"ஓமக்கா. அண்டைக்கு நீங்க சொன்னதிலயிருந்து."

புஷ்பாவின் கையில் இரண்டு பஞ்சு. மஞ்சள் மணத்தது. குளிருக்கு இல்லை. குளிருக்கு இல்லவே இல்லை, காதுக்குள் பூச்சி ஏறாமல் இருக்க. சிசிலி புஷ்பாவுக்கு வைத்தவள். தம்பிக்கும் சொன்னவள்.

பிள்ளைக்கு?

"மச்சாள்!" குழாயைப் பார்த்துக் கத்தினாள். "இஞ்சேருங்கோ! கீழ வாங்கோ!"

மேலே குரல்கள் நின்றன.

கேட்டுவிட்டது. அவர்களுக்குக் கேட்டுவிட்டது. அவள் காத்திருந்தாள். படியில் காலடி வரும். வரவேணும்.

மேலே 'ஸ்ஸ்ஸ்' என்று மருந்தடிக்கிற சத்தம். நீளமாக.

பிறகு துணி திணிக்கிற சத்தம். இடைவெளி அடைபட்டது.

தூறல் பெருத்தது. சுவரை விட்டது. தரைக்கு வந்தது. அவள் காலைத் தாண்டிப் போனது. அவளிடம் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

விளக்கைப் போட்டாள். ஒன்றும் ஓடவில்லை.

தொட்டில். வெள்ளைத் துணி. பிள்ளையின் கன்னத்தில் கரும்பொட்டு. நாடியில் ஒன்று. காதோரம் வரிசையாக. சிசிலி காலையில் ஒரேயொரு பொட்டுத்தான் வைத்தவள். உதட்டோரம் காய்ந்த பாலைச் சுற்றி எள்ளளவு குஞ்சுகள், தலையோடு தலை சேர்த்து, மயிரிழை மீசைகள் ஒன்றாக அசைய.

பிள்ளை அழவில்லை. கண்ணை மூடியபடி, வாயைச் சப்பி, மெல்லச் சிரித்தது.

போதும், கண்ணுகள். விளக்கு எரியட்டும். பயமாயிருக்கு என்று ஒருத்தி சொன்னால், சிரிக்காமல் எழும்பி வந்து பார்க்கிற ஆட்களால் உங்கள் வீடு நிறையட்டும். உங்கள் பிள்ளைகள் பால் மணத்தோடு சுகமாய் உறங்கட்டும்.