இரண்டாம் நடைமேடைக்கு வரும்

கரோலின் நாணல்குளத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டராக வந்து இறங்கியது ஓர் ஐப்பசி மாதத்து மத்தியானம். வாழைத்தோப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது நிலையம். வடக்கே முதல் நடைமேடை. ஓட்டுக் கட்டடம், டிக்கெட் ஜன்னல், அவளுடைய அறை எல்லாம் அந்தப் பக்கம்தான். நடுவில் இரண்டு தண்டவாளங்கள். தெற்கே இரண்டாம் நடைமேடை. குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளம் இருந்த காலத்தில் திருச்செந்தூர் போகிற வண்டிகள் அங்கே நின்றனவாம். இப்போது எல்லா வண்டியும் ஒன்றில்தான். இரண்டில் மிஞ்சியது கூரை போன ஒரு கல் கட்டடமும், பெயர் அழிந்த பலகையும், முழங்கால் உயரப் புல்லும். அந்தப் பக்கம் போகப் பாலம் கிடையாது. தண்டவாளத்தில் இறங்கித்தான் ஏறவேண்டும்.

தண்டவாள வழி மாற்றும் பாயிண்ட்ஸ்மேன் முத்துமாலை சாவிக்கொத்தைக் கொடுத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாயங்கால வண்டி வரும்போது மட்டும் அந்தப் பக்கம் பாக்காதீங்க மேடம். கூப்பிட்டா பதில் சொல்லிராதீங்க."

"யாரு கூப்பிடுவா அண்ணாச்சி?"

அவர் விளக்கைப் போடப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்டி வரும் நேரம் தோப்பில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று அடங்கின. ஈர மண் வாசனைக்குள் வேறொரு நெடி ஏறிவந்தது. நிலக்கரிப் புகை.

இந்தப் பாதையில் நிலக்கரி எஞ்சின் வண்டி ஓடி எத்தனையோ காலமாகிவிட்டது.

கரோலின் அறையை விட்டு வெளியே வந்தாள். கல்லூரிப் பெண் ஒருத்தி, பையை மாட்டியபடி, நடைமேடையின் விளிம்பிலிருந்து தண்டவாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். வண்டி வரும் திசையைப் பார்த்த முகமில்லை அது. எதிர்ப்பக்கமே பார்த்தபடி, தூக்கத்தில் நடப்பவள் போல.

"ஏட்டி, ரெண்டுலதான் வருது. இங்கன வா."

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த குரல் கரோலினுக்கும் தெளிவாகக் கேட்டது.

வளைவில் வண்டியின் வெளிச்சம் திரும்பியது.

கரோலின் குதித்தாள். பையின் வாரைப் பிடித்து அந்தப் பெண்ணை இழுத்து மேலே தள்ளி, தானும் ஏறி உருண்டாள். அவள் செருப்பை உரசிக்கொண்டு வண்டி உள்ளே வந்தது.

"அங்கன ஒரு அம்மா நின்னாவ," என்றாள் அந்தப் பெண். பெயர் விஜயஸ்ரீ. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவ்வளவு கெஞ்சுனாவ மேடம்."

வண்டி போனபின் பார்த்தபோது எதிரே புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முத்துமாலை அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். நிலக்கரி வண்டிக் காலத்தில் பிரம்மநாயகி என்று ஒருத்தி, பிள்ளைத்தாச்சி. வண்டி இரண்டில் வரும் என்று அறிவித்ததை நம்பி அங்கே நின்றாள். கடைசி நிமிடத்தில் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்து ஓடிவந்தவள் நடுவிலேயே அடிபட்டாள்.

"விசாரணையில அவ மேலதான் தப்புன்னு முடிச்சிட்டாவ. அதுல இருந்து கூப்பிடுதா. போன உசிரு ஒண்ணு ரெண்டு இல்ல. வேலி போட்டோம், பூசை போட்டோம், ஒண்ணும் நிக்கல. முன்ன இருந்தவங்க எல்லாம் மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாவ. நீங்களும் எழுதிக் குடுத்துருங்க மேடம்."

கரோலினுக்குப் பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டுலதான் வரும்னு அவ நம்பினது சரிதானே அண்ணாச்சி? தப்பு பண்ணினது ஸ்டேஷன். பிறகு நான் எதுக்கு ஓடணும்?"

மறுநாள் சாயங்காலம், எந்த வண்டியும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, பயணிகளை அவளே முன்னால் நின்று இரண்டுக்கு அழைத்துப்போனாள். முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். திரும்பிவந்து வண்டியின் வழியை இரண்டுக்குத் திருப்பியதும், வண்டிகளைக் கண்காணிக்கும் கண்ட்ரோலிலிருந்து போன் வந்தது.

"எதுக்கு ரெண்டுல எடுக்கீங்க? மெமோ வரும், தெரியும்லா?"

"வரட்டும் சார்."

மைக்கைக் கையில் எடுத்தாள். "திருச்செந்தூர் செல்லும் வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வரும்." குரல் நடுங்கிவிட்டது. இன்னொரு தடவை, நடுங்காமல் சொன்னாள். பிறகு இரண்டுக்குப் போய், தூறலில் அந்தப் புல்லுக்குள் நின்றாள்.

தவளைகள் அடங்கின.

புகை நெடி மூக்கை அடைத்தது.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"கடைசில ஒண்ணுக்கு மாத்திருவீக," என்றது குரல், காதோரமாக. "எனக்குத் தெரியும்."

ஐஸ் போன்ற விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. தண்டவாளத்தின் பக்கம் மெல்ல இழுத்தன. கரோலின் திரும்பிப் பார்க்கவில்லை. குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"மாத்த மாட்டேன். வண்டி வர்ற வரைக்கும் நானும் இங்கனதான் நிப்பேன். வேணும்னா கையைப் பிடிச்சுக்கோ. இழுக்காத."

வளைவில் வெளிச்சம் தெரிந்தது. பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் வண்டி ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. விரல்கள் எலும்பு நொறுங்குமளவுக்கு இறுகின.

வண்டி இரண்டுக்குத் திரும்பியது.

பிடி விட்டது. எல்லாரும் ஏறினார்கள். கடைசிப் பெட்டியில், யாரும் ஏறாத ஒரு வாசலின் கம்பி தானாக ஒருமுறை அதிர்ந்து நின்றது. கரோலின் பச்சைக் கொடியை உயர்த்திப் பிடித்தாள்.

அவள் அறைக்குத் திரும்பி மணிக்கட்டில் விரல் தடமாகப் படிந்திருந்த கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அடுத்த நிலையத்து மாஸ்டர் ஜாபேஸ்.

"உங்க ஊர்ல ஏறின ஒரு அம்மா இங்கன இறங்கி நிக்காவ. இங்க மழையே இல்ல, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. திரும்பி வர்ற வண்டி உங்க ஊர்ல எதுல நிக்கும்னு கேக்காவ. என்ன சொல்ல?"

முத்துமாலை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கரோலின் போனை இறுகப் பிடித்தாள். "ரெண்டுல. நான் வந்து நிப்பேன்னு சொல்லுங்க."

மறுமுனை கொஞ்ச நேரம் இரைந்தது. அப்புறம் பேசியது ஜாபேஸ் இல்லை.

"சரி," என்றது, மூச்சு வாங்கியபடி ஒரு பெண்குரல். "நம்புதேன்."