தூங்குறவங்களுக்கு எதுக்குச் சூடு

யாரும் தொடாமலே, சுவரில் இருந்த புதுத் தெர்மோஸ்டாட்டின் திரை விழித்துக்கொண்டது.

யான்டினா பட்டாணி சூப் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் நீலமாக ஒரு வெளிச்சம், அதற்கு நடுவில் ஒரு பூட்டுப் படம். சற்று நேரம் எரிந்தது, பிறகு அணைந்தது. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கருவியைக் காலையில் மாட்டிவிட்டுப் போன மருமகன் வெஸெல், விரல் பட்டால்தான் எரியும், மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்குத் தூங்கும் என்று சொல்லியிருந்தான். புதுச் சாமான் என்றால் முதல் நாள் ஏதாவது கோணல் செய்யத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு அவள் சூப்பைக் குடித்தாள்.

சோபாவுக்குப் பக்கத்தில் தொட்டில் இருந்தது. தொட்டிலில் அவள் பேத்தி இம்மே. ஆறு வாரத்துக் குழந்தை, அதுவும் நாள் நிறையாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியை விட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கால்மாட்டில், கம்பளி உறை போட்ட உலோக வெந்நீர்க் குப்பி. அறை இருபத்தொரு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று தாதி மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த இருபத்தொன்றுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். யான்டினாவின் மகள் ஃபென்னா இந்த வீட்டைக் குளிர்பெட்டி என்றுதான் சொல்லுவாள். பொய்யில்லை. அவளுடைய அப்பா எல்ட்யோ உயிரோடு இருந்தவரை, இரவு ஆகாரம் முடிந்த கையோடு வாயில் பெப்பர்மிண்ட் மிட்டாயோடு, கம்பளிக் காலுறையைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து, சுவரில் இருந்த வட்டத் தெர்மோஸ்டாட்டைப் பதினைந்துக்குத் திருப்பிவிடுவார். அவரைக் கஞ்சன் என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. தெருவே அப்படித்தான் வாழ்ந்தது. ஆனால் மற்றவர்கள் யாரும் எல்ட்யோ அளவுக்குப் போனதில்லை. இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கலாம் என்று அவர், அதைத் திருப்பும் வளையத்துக்கு ஓரமாக, பதினைந்தாம் கோட்டில் ஒரு குண்டூசியை இறக்கி வைத்திருந்தார். வளையம் அதில் முட்டியதும் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு வீட்டில் அன்றைய பொழுது முடிந்துவிடும். யாராவது முணுமுணுத்தால் அவருக்கு ஒரே பதில்தான்.

"தூங்குறவங்களுக்கு எதுக்குச் சூடு?"

யான்டினாவும் லேசுப்பட்டவளில்லை. அவர் கண்ணயர்ந்ததும் எழுந்து போய் இருபதுக்குத் திருப்புவாள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து மறுபடி குறைப்பார். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் போட்ட ஒரே சண்டை அதுதான். போன மார்ச்சில், அந்தச் சுவருக்குக் கீழேதான் அவர் மாரடைத்து விழுந்து கிடந்தார். விழுவதற்கு முன் வேலையை முடித்திருந்தார். வளையம் பதினைந்தில் நின்றது.

அதற்குப் பிறகு அவளாகவே பதினைந்துக்குக் குறைக்க ஆரம்பித்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அதனால்தான் ஃபென்னா புதுத் தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டு எண் போடச் சொன்னாள்.

"கோபிச்சுக்காதீங்க அத்தை, கை பழக்கத்துல நீங்களே குறைச்சிடுவீங்கன்னு அவளுக்குப் பயம்," என்றான் வெஸெல், திருகாணியை முடுக்கியபடி. "நம்பர் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இனிமே இந்த வீட்டுல யாராலயும் இதை இறக்க முடியாது."

பழைய வட்டத்தை அவன் கழற்றித் தந்தபோது அதன் முதுகில் இரண்டு செம்புக் கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கண்ணாடிக் குமிழில் ஒரு சொட்டுப் பாதரசம். பாதரசம் இருப்பதைக் குப்பையில் போடக் கூடாது. நகராட்சியின் நச்சுக்கழிவு வண்டி வரும் நாளில்தான் கொடுக்க வேண்டும். வண்டி அடுத்த வாரம்தான். யான்டினா விதி தவறாதவள். ஒரு துணியில் சுற்றி அலமாரி இழுப்பறையில் வைத்தாள்.

மதியம் ஃபென்னாவும் வெஸெலும் அவன் தம்பியின் கல்யாண விருந்துக்கு நகரத்துக்குக் கிளம்பினார்கள். பிறந்ததிலிருந்து ஃபென்னா குழந்தையை விட்டுப் பிரிவது இதுதான் முதல் தடவை. வாசலில் நின்று, "அம்மா, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றாள். யான்டினாவுக்கு அது சுருக்கென்று தைத்தது, பெருமையாகவும் இருந்தது.

நாலரைக்கே இருட்டிவிட்டது. அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. தரையைத் தொட்டதும் கண்ணாடியாக உறைகிற மழை. தெருவிளக்கின் கீழே செங்கல் பாதை எண்ணெய் தடவினாற்போல் மினுங்கியது. வேலியில், சைக்கிளில், தபால் பெட்டியில் எல்லாம் பனிக்கட்டி கோத்துக்கொண்டு, காற்று அசையும்போது மெல்ல நொறுங்கியது. சுவரோரம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் குழாய்கள் சோம்பல் முறிப்பது போல் முனகின. சூப்பின் வாசனை, குழந்தையின் பால் வாசனை. அவற்றுக்கு நடுவே, எங்கிருந்தோ, ஈரக் கம்பளியும் பெப்பர்மிண்டும் கலந்த வேறொரு வாசனை.

திரை மறுபடி எரிந்தது. பூட்டு. அணைந்தது. உடனே எரிந்தது. பூட்டு. பொறுமையில்லாத ஒருவர் கதவின் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அழுத்துவது போல இருந்தது.

தொலைபேசி அடித்தபோது அவள் கிண்ணத்தைக் கொட்டிக்கொள்ளப் பார்த்தாள். எதிர் வீட்டு டீனெகே. இந்தத் தெருவில் யாரும் திரைச்சீலையை மூடுவதில்லை. மூடினால் என்னத்தை மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும். டீனெகேவுக்கு அது ரொம்ப வசதி. பாதையைப் பற்றி, பனி உருக உப்புத் தூவும் வண்டி வராததைப் பற்றி, காலை வெளியே வைக்க முடியாததைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது சரி, வீட்டுக்கு யார் வந்திருக்கா?"

யாருமில்லை, நானும் குழந்தையும்தான் என்றாள் யான்டினா.

"என்கிட்டயே மறைக்கிறியே. அந்தாள் ரொம்ப நேரமா முதுகைக் காட்டிக்கிட்டு சுவத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கிறார். பாவம், உக்காரச் சொல்லேன்டி."

யான்டினா தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கூடம் முழுக்கத் தெரிந்தது: விளக்கு, சோபா, தொட்டில், அவள். சுவருக்கு முன்னால் யாரும் இல்லை. டீனெகே ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள்.

சுவரில் வெளிச்சம் எரிந்து அணைந்தது. பிறகு எரியவில்லை.

விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான், யாரை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. கம்பளம் லேசாக உரசும் சத்தம் கேட்டது. காலுறை தேய்கிற சத்தம். சுவரிலிருந்து அலமாரி வரைக்கும். அங்கே நின்றது.

இழுப்பறைக்குள், துணிச் சுற்றலுக்குள், எதனோடும் இணைக்காத கம்பிகளோடு கிடந்த அது சத்தமிட்டது.

டக்.

வேறு எதுவும் நடக்கவில்லை. ரேடியேட்டர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் எழுந்து போய்ப் புதுத் திரையை விரலால் தொட்டாள்: இருபத்தொன்று. அப்பாடா என்று மூச்சு விட்டாள். தாதி சொல்லித் தந்தபடி, தொட்டிலில் குனிந்து குழந்தையின் பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள்.

ஜில்லென்று இருந்தது.

போர்வை சூடாக இருந்தது. குப்பி கை வைக்க முடியாத சூடு. குழந்தை மட்டும், பாதாள அறையிலிருந்து எடுத்து வந்த உருளைக்கிழங்கு போலக் கிடந்தது. மார்பு ஏறி இறங்கியது, ஆனால் நிதானமாக, ரொம்ப நிதானமாக. யான்டினா அதை வாரி எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டுத் தன் தோலோடு அணைத்தாள். முதுகைத் தேய்த்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் சூடு அதற்குள் இறங்கவில்லை. அதன் குளிர்தான் இவளுக்குள் ஏறியது.

எதனால் அப்படிச் செய்தாள் என்று சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துப் பழக்கம் கையில் இருந்தது. இழுப்பறையைத் திறந்து, துணியை உதறி, வட்டத்தைப் பிடித்தாள். பதினைந்து. இருபதுக்குத் திருப்பினாள்.

குழந்தை பெருமூச்சு விட்டது.

பிடரி மெல்ல மெல்லச் சூடாகியது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. யான்டினா சத்தமில்லாமல் அழுதாள். பிறகு வட்டத்தை அலமாரி மேல் வைத்துவிட்டு, ஃபென்னாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் ஆட்டமும் பாட்டமுமாகக் கேட்டது. இப்போதே வா என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

"எப்படிம்மா வர்றது? ரோட்டையே மூடிட்டாங்க. விடிஞ்சாத்தான் உப்பு போடுவாங்களாம்," என்றாள் ஃபென்னா. உடனே குரல் மாறியது. "ஏம்மா, இம்மேக்கு என்ன? தூங்குறாளா?"

"ஆமா. தூங்குறா," என்றாள் யான்டினா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது.

டக்.

ஸ்வெட்டருக்குள் குழந்தை சட்டென்று குளிர்ந்தது. உதடு நீலம். யான்டினா தொலைபேசியைப் போட்டுவிட்டு வட்டத்தின் மேல் பாய்ந்தாள். இருபது. விரலை எடுக்காமல் அப்படியே பிடித்தாள். தரையில் ஃபென்னாவின் குரல் அம்மா, அம்மா என்றது. குனிந்து எடுக்க ஒரு கை வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். வளையம் உடனே நழுவியது. மறுபடி இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தரையிலிருந்து வந்த குரலும் நின்றுபோனது.

உடைத்துவிடலாமா? உடைந்தால் பாதரசம் சிந்தும். சிந்தினால் குழந்தை எந்த டிகிரியில் நிற்கும்? அந்த யோசனையை அவள் முடிக்கவே இல்லை.

சோபாவுக்கு வந்து உட்கார்ந்தாள். மார்பில் குழந்தை. மடியில் வட்டம். இரண்டு கட்டைவிரலும் வளையத்தில்.

"எந்திரிடி செல்லம்," என்றாள். "கண்ணைத் திற. நீ முழிச்சிருந்தா அவர் தொடமாட்டார். எந்திரி."

ஆறு வாரத்துக் குழந்தை. தூங்கத்தான் தெரியும் அதற்கு.

பெப்பர்மிண்ட் வாசனை கிட்டத்தில் வந்தது. பக்கத்து மெத்தை தாழ்ந்தது. மெதுவாக, பெரிய உடம்புக்காரர் மூட்டுவலியோடு உட்காரும்போது தாழ்கிற மாதிரி. அவள் கட்டைவிரலுக்கு எதிரே இன்னொரு கட்டைவிரல் வந்து படிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. நகம் பிளந்த கட்டைவிரல். அது அவளுக்குத் தெரியும்.

"நம்ம பேத்தி, எல்ட்யோ," என்றாள்.

அழுத்தம் கூடவில்லை. குறையவும் இல்லை. அவர் எதற்கும் எப்போதும் அவசரப்பட்டதில்லை.

இருபது. அவள் மணிக்கட்டு நடுங்கியது. விடிய இன்னும் எவ்வளவோ நேரம். பத்தொன்பது. பல்லைக் கடித்துத் திருப்பினாள். இருபது. விரல் மரத்தது. பத்தொன்பது. பதினெட்டு.

தெருவுக்கு அந்தப் பக்கம், வெளிச்சமான ஜன்னலில் டீனெகே வந்து நின்றாள். யான்டினா அவளையே பார்த்தாள். வாயைத் திறந்து கத்தினாள். இரண்டு கண்ணாடி, நடுவில் மழை. டீனெகே தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கொஞ்சம் நகர்த்தி, இவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தும், மரியாதையாக, ஒரு தடவை ஆட்டினாள்.

பிறகு தன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

பதினேழு.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் யாரும் தொடாத திரை இருட்டாக இருந்தது. ரேடியேட்டர் கொதித்தது. யான்டினாவின் விரலுக்குக் கீழே வளையம், குண்டூசியைப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக நகர்ந்துகொண்டிருந்தது.