வெள்ளையாய்ப் போன பூநாரைகள்

"பாலைவனத்தைப் பிடிச்சு வயலாக்கிப் போட்டீங்களே, மிஸ்!"

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவின் கதவைத் தள்ளிக்கொண்டு, மழையில் சொட்டச் சொட்ட வந்து நின்றவனை றஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையில் அவள் சாயம் தீட்டிக் கொடுத்த கண்ணாடிப் படங்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். மணல்மேடு முழுக்கப் பச்சைப் பசேல்... பறக்கும் பறவைகள் எல்லாம் வெள்ளை வெளேர்...

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பதில் றஞ்சிதத்தின் கை பேர்போனது. ஆனால் படத்திலிருந்த, தெற்கே யால காட்டுச் சரணாலயத்தின் வறண்ட மணலை அவள் எங்கே கண்டாள்? கொழும்பில் ஒரு பிடி மண் சும்மா கிடந்தாலும் புல் முளைத்துவிடுமே!

"நிலமெண்டால் பச்சைதானே? கொக்கெண்டால் வெள்ளைதானே?"

"கொக்கில்லை, பூநாரை! கண்ணை மூடிக்கொண்டோ தீட்டினீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே தீட்டுங்க" என்று தூரிகையை அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவன் பெயர் றேமண்ட். அந்தச் சரணாலயத்தில் காவல் உத்தியோகம். மறுநாள் மாலை வெள்ளவத்தை மண்டபத்தில் இந்தப் படங்களைத் திரையில் காட்டி, துரைமாரின் வேட்டையை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பேச வேண்டும். அதற்கடுத்த காலை மாத்தறை ரயில்... பிறகு காடுதான். மறுபடி எப்போது வருவானோ, அவனுக்கே தெரியாது.

தூரிகையை எடுத்தான்... வைத்தான்...

"எனக்கு இது வராது, மிஸ். நான் கதைச்சது பிழைதான்."

அவன் குரல் இறங்கியதும் அவள் கோபமும் பாதி இறங்கிவிட்டது. பாழாய்ப்போன மனசு!

"சரி, சொல்லுங்க. அங்க என்ன நிறம்?"

அவன் சொல்லத் தொடங்கினான். முள்ளுப் பற்றைகளுக்கு அப்பால் கடல்வரை காய்ந்து கிடக்கும் மணல்மேடுகளை... பாறைக் குழியில் மிஞ்சிய தண்ணீருக்குக் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு வரும் யானைக் கூட்டத்தை... பாலை மரத்தில் ஏறிப் பழம் தின்னும் கரடியை... விடியலில் கடலோரம் தேங்கிய உப்புக் களப்பில் நிற்கும் பூநாரைகளை...

"நிக்கேக்க வெள்ளைதான். லேசா ரோஸ்."

"பாத்தீங்களா! நான் தீட்டினது சரி!"

"ஓம், ஓம்... ஆனா எழும்பிப் பறக்கேக்க பாக்கவேணும், மிஸ்! சிறகுக்குள்ள எல்லாம் நெருப்புச் சிவப்பு. ஓரம் கறுப்பு. முதல்நாள் கண்டவுடனே கோயில்ல மாதிரி முழந்தாள்ல இருந்திட்டன்."

றஞ்சிதம் அவன் கண்களைப் பார்த்தாள். அந்தப் பறவைகள் இன்னும் அங்கே பறந்துகொண்டிருந்தன. ஐயோ, இப்படிப் பார்த்தால் மனுஷி எப்படித் தீட்டுவது?

மறுநாள் மாலை மண்டபத்தில் விளக்கணைந்தது. திரை நிறையச் சிவந்த சிறகுகள் எழுந்தபோது கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்பாவோடு வந்திருந்த றஞ்சிதம், தான் தீட்டிய படம் என்பதையே மறந்துபோனாள். அவள் கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டது. இப்படியும் ஓர் இடத்தை ஆண்டவர் படைத்து வைத்திருக்கிறாரே... அதைப் பார்க்காமலே சாவதா?

கூட்டம் கலைந்தது. அப்பா றிக்‌ஷா பிடிக்கப் போனார். மழைக்கு ஒதுங்கி நின்றவளிடம் றேமண்ட் வந்தான்.

"பெரிய உபகாரம், மிஸ். அப்ப... நான் போயிட்டு வாறன்."

போயிட்டு வாறானாம்! எப்போது வருவானாம்? பெண்பிள்ளை முதலில் வாய் திறப்பதா என்று அவள் ரோஷம் தடுத்தது. அவனோ படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டான்.

"அங்க... பொம்பிளையள் இருக்கலாமோ?"

அவன் உத்தியோகத் தோரணையில் பதில் சொன்னான். "இருக்கலாம். ஆனா கஷ்டம். தண்ணி உவர். சாமான் எல்லாம் மாட்டு வண்டிலிலதான் வரவேணும். யானை வீட்டு முற்றத்துக்கே வந்து நிக்கும்..."

"நான் ஊர்ப் பொம்பிளையளைப் பற்றிக் கேக்கேல்ல." அவள் குனிந்துகொண்டாள். "நான் இருக்கலாமோ எண்டு கேட்டனான்."

றேமண்ட் மழையிலேயே நின்றுவிட்டான். யானைக்கு எதிரே அசையாமல் நிற்பவன், இரண்டிரண்டு படியாகத் திரும்ப ஏறி வந்தான்.

"மிஸ்... ரயிலுக்கு முந்தி நான் வீட்ட வந்து கதைக்கவேணும். உங்கட அப்பா காலமை எத்தினை மணிக்கு எழும்புவார்?"